ஈடு வைத்த வீடு

கல்முனைக்குடியில் ஓர் ஆண்மகன் "என் வீடு" என்று சொன்னால், பெரும்பாலும் அது அவனுடைய மனைவியின் வீடாகவே இருக்கும். கிழக்கிலங்கையின் முஸ்லிம் ஊர்களில் வீடும் வளவும் தாய்வழியே மகளுக்குச் செல்கின்றன. கலியாணமான மாப்பிள்ளை பெண்வீட்டில் வந்து குடியேறுகிறான். பெற்றோர் அவ்வளவின் மூலையிலே ஒரு சிறு குடிலைப் போட்டுக்கொண்டு ஒதுங்குகிறார்கள். அடுத்த பெண் பிறந்துவிட்டால் அடுத்த வீட்டுக்குக் கல்லும் மண்ணும் சேர்க்கத் தொடங்க வேண்டும். கிழக்கே கடல், மேற்கே வயல், இடையே நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் ஒரு மணற்கீற்று. இதுவே எமது ஊர். இங்கே காணி வளர்வதில்லை, குடும்பங்கள்தாம் வளர்கின்றன. ஆகவே வீடு பக்கவாட்டில் வளர முடியாமல் மேல்நோக்கி வளர்கின்றது.

நாம் குடியிருக்கும் வீடும் இவ்வாறு எம் துணைவிக்கு அவளது தாய் கொடுத்த வீடே. 2004 டிசம்பர் 26ஆம் திகதி காலை கடல் எழுந்து வந்தபோது அதன் சுவர்களில் இரண்டு மாத்திரமே மிஞ்சின. முழுமையாக அழிந்த வீட்டுக்கு அரசு 2,50,000 ரூபா தருமென்றார்கள். அதேவேளையில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் எவரும் கட்டக்கூடாதென்றும் சொன்னார்கள். கடலோடு பிறந்து கடலோடு வாழ்ந்த மக்கள் இருநூறு மீற்றருக்கு அப்பால் எங்கே போவது? ஓராண்டுக்குப் பின் அத்தடை தளர்ந்தது. தவணை தவணையாக வந்த பணத்தோடு மாமி தம் கைவளையல்களையும் சேர்த்து அந்த வீட்டை மறுபடியும் நிமிர்த்தினார். இதனை நாம் எழுதுவது பழம்பெருமை பேசுவதற்காக அன்று. நாம் ஈடு வைத்தது எதனை என்பதை வாசகர் அறிய வேண்டும் என்பதற்காகவே.

2019ஆம் ஆண்டில் எம் மகளுக்கு வயது பதினைந்து. மாடியொன்றை எழுப்பவேண்டும் என்ற பேச்சு அப்போதே வீட்டில் எழுந்துவிட்டது. வகுப்பறையிலே சீதனக் கொடுமையைப்பற்றி மாணவருக்குக் கட்டுரை எழுதக் கற்பிக்கும் ஆசிரியராகிய நாம், வீட்டுக்கு வந்ததும் மகளின் சீதனத்துக்காக வங்கிக் கடன் விண்ணப்பத்தை நிரப்பினோம். ஊர் செய்வதைத்தான் நாமும் செய்தோம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டோம். தாயின் வீட்டை ஈடு வைத்து மகளுக்கு வீடு கட்டும் இந்த ஏற்பாட்டிலே ஏதோ ஒரு கோணல் இருக்கின்றது என்பது எமக்குத் தெரியாமலில்லை. தெரிந்தும் கேளாதிருந்தோம்.

கடன் 20 இலட்சம் ரூபா. வட்டி அப்போது நூற்றுக்கு 13. பதினைந்து ஆண்டுகள். மாதத் தவணை ஏறத்தாழ 25,300 ரூபா. கடன் எம் பெயரில். உறுதி துணைவியின் பெயரில். ஆதலால் ஈட்டு உறுதியில் அவளே ஒப்பமிட வேண்டியிருந்தது. நொத்தாரிசு பக்கங்களைப் புரட்டிப் புரட்டி விரலால் இடங்காட்டினார், அவள் ஒப்பமிட்டாள். ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்த அந்தப் பக்கங்களை அவளும் வாசிக்கவில்லை, நாமும் வாசிக்கவில்லை. "வட்டி சந்தை நிலைமைக்கேற்ப மாற்றத்துக்குரியது" என்னும் பொருள்படும் ஒரு வரி அதனுள்ளே இருந்ததை மூன்று ஆண்டுகளின் பின்னரே கண்டோம். பிள்ளைகளின் விடைத்தாளில் ஒரு காற்புள்ளி தவறினாலும் வட்டமிடும் எம் கண், எம் வீட்டைக் கட்டிப்போட்ட வரியை வாசியாமல் விட்டுவிட்டது.

2022ஆம் ஆண்டு பிறந்தது. அவ்வாண்டின் கதையை இந்நாட்டில் எவருக்கும் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. ஏப்பிரல் 8ஆம் திகதி மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 வீதப் புள்ளிகள் உயர்த்திற்று. நான்கு நாட்களின் பின் நாடு தன் வெளிநாட்டுக் கடன்களைக் கட்டமுடியாதென்று அறிவித்தது. செப்ரெம்பரிலே பணவீக்கம் 69.8 வீதத்தை எட்டியது. அரசு தன் கடனை நிறுத்திவைக்கலாம். அதற்கு உலகமெல்லாம் கூடிப் பேசும், ஆலோசகர் வருவர், அறிக்கைகள் வரும். ஆனால் கல்முனைக்குடியில் ஓர் ஆசிரியன் தன் கடனை ஒரு மாதம் நிறுத்தினால் அவன் வீட்டுக்கு வருவது சிவப்பு எழுத்துக் கடிதமே.

எமது கடனின் வட்டி 26 வீதமாயிற்று. கொரோனாக் காலத்துச் சலுகை மாதங்களின் வட்டியும் சேர்ந்து நிலுவை அப்போது ஏறத்தாழ 18,70,000 ரூபா. இதற்கு 26 வீத வட்டி மாத்திரம் மாதம் 40,500 ரூபா ஆகின்றது. நாம் முன்னர் கட்டிவந்த 25,300 ரூபாவைத் தவறாமல் கட்டினாலும் முதலில் ஒரு சதமும் குறையாது. வட்டியிலேயே மாதம் 15,000 ரூபாவுக்குமேல் துண்டுவிழும். வங்கி கேட்ட புதிய தவணை 42,500 ரூபா. அரிசியும் மாவும் மண்ணெண்ணெயும் விற்ற விலையிலே அதைக் கட்டுவதெப்படி? இரண்டு மாதம் கடன் வாங்கிக் கட்டினோம். மூன்றாம் மாதம் பாதி கட்டினோம். நான்காம் மாதம் ஒன்றும் கட்டவில்லை.

இனி நாம் சொல்லப்போவது எமக்குப் பெருமை தருவதன்று. வங்கியிலிருந்து வந்த முதற் கடிதத்தைப் பாடசாலையில் எமது மேசை இழுப்பறையில், பழைய வரவுப் பதிவேட்டின் நடுவே வைத்து மூடினோம். இரண்டாவதும் அங்கேயே போயிற்று. மூன்றாவதைப் பிரிக்கவே இல்லை. வங்கி இருக்கும் பிரதான வீதியைத் தவிர்த்து உள்ளொழுங்கையால் வீடு திரும்பினோம். தொலைபேசி மணி அடித்தால் பாடவேளை என்று சொல்லித் துண்டித்தோம். "சேர்" என்று ஊரார் அழைக்கும்போதெல்லாம் அச்சொல் உள்ளே குத்தியது. கடனாளி என்று பெயரெடுத்த ஆசிரியனிடம் எந்தப் பிள்ளை படிக்க வரும் என்ற எண்ணமே எம்மை ஊமையாக்கிற்று.

நான்காவது கடிதம் பதிவுத்தபாலில் வீட்டுக்கு வந்தது. ஈடு வைத்தவர் என்ற முறையில் துணைவியின் பெயருக்கு வந்திருந்தது. மாலை வீடு திரும்பியபோது அவள் வாசற்படியில் அதை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"இது எத்தினையாவது கடிதம்?" என்று மாத்திரம் கேட்டாள்.

நாம் விடை சொல்லவில்லை. உள்ளேயிருந்து மாமிதான் பேசினார். "மகன், ஒப்பம் வைக்கச் சொல்லக்குள்ள அவள் வேணும். கடிதம் வந்தா அவளுக்குத் தெரியப்படாதா? வீடு ஆர்ர வீடு?"

எழுத்தறிவு அதிகமில்லாத அந்த முதியவள் கேட்ட கேள்வியிலே எத்தனையோ மேடைகளில் நாம் பேசிய பெண்ணுரிமை முழுவதும் அடங்கியிருந்தது. பெண்ணின் பெயரில் உறுதி இருக்கின்றது என்று பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். ஆனால் அவ்வுறுதியை எடுத்துக்கொண்டு கடனுக்குப் போவதும், வட்டியைப் பேசுவதும், கடிதத்தை ஒளிப்பதும் ஆண்கள். வீடு ஏலத்துக்குப் போகும்போது தெருவில் நிற்பவள் அவள். அன்றிரவு பதிவேட்டின் நடுவிலிருந்த கடிதங்கள் யாவும் வீட்டுக்கு வந்தன. விளக்கின் கீழே வைத்து இருவருமாக ஒவ்வொன்றாக வாசித்தோம்.

மறுநாள், முன்னொரு காலத்தில் எம்மிடம் படித்து இப்போது சட்டத்தரணியாக இருக்கும் ஓர் இளைஞரிடம் சென்றோம். அவர் சொன்னவற்றை இங்கே குறித்து வைப்பது எம்மைப்போன்ற பலருக்குப் பயன்படும்.

ஊரிலே எல்லோர் வாயிலும் அடிபடும் சொல் "பராட்டே". இது ஒல்லாந்தர் விட்டுச்சென்ற சட்டச்சொல். நீதிமன்றம் செல்லாமலே, வங்கியின் பணிப்பாளர் சபை ஒரு தீர்மானத்தை நிறைவேற்றி, ஈடு வைத்த ஆதனத்தைப் பகிரங்க ஏலத்தில் விற்கும் அதிகாரம் அது. அரச ஈட்டு வங்கி போன்றவற்றுக்கு முன்பே இருந்த இவ்வதிகாரத்தை 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம் வர்த்தக வங்கிகள் அனைத்துக்கும் வழங்கியது. தீர்மானத்தை வர்த்தமானியிலும் மும்மொழிப் பத்திரிகைகளிலும் வெளியிடவேண்டும். ஏல அறிவித்தலும் வெளியாக வேண்டும். ஏல நாளுக்கு முன்னர் நிலுவையும் செலவும் முழுவதும் செலுத்தப்பட்டால் விற்பனை நிற்கும். கடனாளிக்கு அச்சட்டம் தரும் பாதுகாப்பு இவ்வளவே. வங்கி சொல்வது சரியா பிழையா என்று ஏலத்துக்கு முன் ஒரு நீதிபதி விசாரிப்பது அச்சட்டத்தில் கட்டாயமன்று.

ஆனால் 2011ஆம் ஆண்டுத் திருத்தம் ஒன்று உண்டு. முதல் 50 இலட்சம் ரூபாவுக்குக் குறைந்த கடனுக்கு இந்த அதிகாரத்தைப் பயன்படுத்த முடியாதென்று அது விதித்தது. எமது கடன் 20 இலட்சம். மற்றொன்றும் உண்டு. கடன் பெற்றவர் ஒருவராகவும் ஈடு வைத்தவர் வேறொருவராகவும் இருந்தால், அந்த மூன்றாம் ஆளின் ஆதனத்தின்மீது பராட்டே செல்லாது என்று 2006இல் உயர் நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பு வழங்கியது. பிந்திய வழக்குகளில் அதற்கு விதிவிலக்குகள் எழுந்துள்ளன என்றாலும், மனைவியரின் வீட்டை ஈடு வைத்துக் கணவன்மார் கடன் வாங்கும் எம்மூருக்கு அத்தீர்ப்பு எவ்வளவு நெருக்கமானது!

"அப்படியானால் வீட்டுக்கு ஆபத்தில்லையா?" என்று ஆவலோடு கேட்டோம்.

"அப்படிச் சொல்லேல்ல சேர்" என்றார் அவர். "பராட்டே போகேலாது. ஆனா மாவட்ட நீதிமன்றத்தில வழக்குப் போடலாம். தீர்ப்பு எடுத்தா விக்கலாம். உங்களுக்குக் கிடைச்சிருக்கிறது நேரம். அந்த நேரத்தை ஒளிச்சு வச்சே நாலு மாதம் செலவழிச்சிட்டீங்க."

மாணவனிடம் ஆசிரியன் பாடம் கேட்பதில் வெட்கமில்லை. நாம் கேட்டுக்கொண்டோம்.

அடுத்த திங்கட்கிழமை துணைவியும் நாமும் ஒன்றாக வங்கிக்குச் சென்றோம். கையிலே ஒரு தாள் இருந்தது. அதில் எமது மாத வருமானம், மாலை வகுப்பு வரவு, அரிசி முதல் மருந்து வரையான செலவு, மீதம், எவ்வளவு கட்டமுடியும், எத்தனை மாதத்துக்கு என்பன எழுதப்பட்டிருந்தன. நெருக்கடியால் பாதிக்கப்பட்ட கடனாளிகளுக்கு அவரவர் நிலைமையை ஆராய்ந்து சலுகை வழங்குமாறு மத்திய வங்கி 2022 யூலையில் வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. அதைக் குறிப்பிட்டு எழுத்துமூலம் விண்ணப்பித்தோம். வாயால் சொன்ன எதையும் நாம் நம்பவில்லை, வங்கியும் நம்புவதில்லை. விண்ணப்பத்தின் பிரதியில் திகதியிட்டு ஒப்பம் வாங்கினோம்.

முகாமையாளர் கொடியவரல்லர். அவரும் மாதச் சம்பளக்காரர். அவருக்கும் ஒரு வீட்டுக்கடன் இருந்தது என்பதைப் பேச்சினிடையே அறிந்தோம். மூன்று முறை நடந்தபின் ஏற்பாடு வந்தது. பன்னிரண்டு மாதங்களுக்கு மாதம் 25,000 ரூபா, துண்டுவிழும் வட்டி தனிக்கணக்கில் வைக்கப்பட்டுப் பின்னர் கட்டப்படும், தண்டவட்டி தள்ளுபடி, கடன்காலம் இருபது ஆண்டுகளாக நீட்டப்படும். இதனால் கடன் குறைந்துவிடவில்லை. உண்மையில் பெருகிற்று. அறுபது வயதில் ஓய்வுபெற்ற பின்னரும் ஓய்வூதியத்திலிருந்து கட்டவேண்டிய கடனாக அது மாறிற்று. துணைவியின் கழுத்து மாலை விற்பனையாயிற்று. மாடியின் சுவர்கள் பூசப்படாமல் நின்றன. ஆயினும் வீடு வீடாகவே நின்றது.

ஒன்றைக் குறிப்பிடவேண்டும். 2023 யூன் முதல் மத்திய வங்கி வட்டி வீதங்களைக் குறைக்கத் தொடங்கியது. வட்டி ஏறியபோது எம்மைக் கேளாமலே ஏறிய தவணை, வட்டி இறங்கியபோது தானாக இறங்கவில்லை. இரண்டு கடிதம் எழுதி, ஒருமுறை நேரில் சென்ற பின்னரே இறங்கியது. கேட்காதவர்கள் எத்தனை பேர் இன்னும் பழைய வட்டியைக் கட்டினார்களோ!

நாம் தப்பினோம். ஆனால் எமது தெருவின் கிழக்குக் கோடியில் இருந்த ஒரு மீனவர் தப்பவில்லை. தோணியின் இயந்திரம் பழுதானபோது ஊரிலே வசதிபடைத்த ஒருவரிடம் பணம் வாங்கினார். அவர் வட்டி வாங்குவதில்லை என்றார், வட்டி பாவமென்றார். ஆகவே ஈட்டு உறுதி எழுதாமல், "பேச்சுக்கு ஓர் உறுதி" எழுதுவோம் என்றார். எழுதப்பட்டது விற்பனை உறுதி. இரண்டு ஆண்டுக்குள் இன்ன தொகையைத் திருப்பித் தந்தால் வீட்டை மீட்டு எழுதித் தருவதாக அதிலே ஒரு நிபந்தனை. அந்தத் தொகை வாங்கிய பணத்திலும் ஒன்றரை மடங்கு. வட்டி என்ற சொல் எங்கும் இல்லை. வட்டி மாத்திரம் இருந்தது. 2022இலே மண்ணெண்ணெய் இல்லாமல் தோணி கரையில் கிடந்தது. இரண்டு ஆண்டு கழிந்தது. வீடு அறுதியாய்ப் போயிற்று.

அவருக்கும் ஒரு வழி இருந்தது என்பதே எம்மை இன்றுவரை வருத்துகின்றது. 1941ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கக் கட்டளைச்சட்டத்தின்கீழ் அமைந்த கடன் இணக்கச் சபை இந்நாட்டில் இருக்கின்றது. தனியாரிடம் ஆதனத்தை ஈடு வைத்தவர்களும், இவ்வாறு நிபந்தனை விற்பனை உறுதி எழுதிக் கொடுத்தவர்களும் அங்கே விண்ணப்பிக்கலாம். இரு தரப்பாரையும் அழைத்து, நியாயமான தொகையையும் தவணையையும் பேசித் தீர்க்க அது முயலும். ஆனால் மீட்புக் காலம் முடிவதற்கு முன்னரே விண்ணப்பிக்க வேண்டும். அவர் எம்மிடம் உறுதியைக் கொண்டுவந்தபோது அக்காலம் கடந்து மூன்று வாரமாகியிருந்தது. எமது கடிதங்களைப் பதிவேட்டில் ஒளித்துவைத்த அதே மாதங்களில்தான் அவரும் தம் உறுதியைப் பெட்டியில் ஒளித்துவைத்திருந்தார். ஒரே தெருவில் இருவர். ஒருவர் துயரம் மற்றவருக்குத் தெரியாது. நாம் வாய் திறந்திருந்தால் அவரும் திறந்திருப்பாரோ என்ற கேள்விக்கு எம்மிடம் விடையில்லை.

அந்தக் கட்டளைச்சட்டம் எவருடைய கருணையாலும் பிறந்ததன்று. 1930களின் உலகப் பொருளாதார மந்தம் சிறு உழவரின் காணிகளை நாடு நாடாக விழுங்கிய காலத்தின் பிள்ளை அது. சென்னை மாகாணத்தில் 1938இல் விவசாயிகளின் கடன் சுமையைக் குறைக்கச் சட்டம் வந்தது. அமெரிக்காவிலே, வங்கிகள் பண்ணைகளை ஏலத்தில் கூறியபோது அயலார் திரண்டுவந்து, சில சதங்களுக்குமேல் எவரையும் கேள்வி கேட்க விடாது தடுத்து, அச்சதங்களுக்கே வாங்கிப் பண்ணையை உரியவரிடம் திருப்பிக் கொடுத்தார்கள். 1933இல் மின்னசோட்டா மாநிலம் ஈடுகளின் மீட்புக் காலத்தை நீட்டிச் சட்டமியற்றியது. அடுத்த ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம் அச்சட்டம் செல்லுமென்றது. ஒப்பந்தம் புனிதமானது என்று நாள்தோறும் ஓதும் நாட்டிலேயே, மக்கள் தெருவில் நின்றபோது ஒப்பந்தம் வளைந்து கொடுத்தது.

எமது நாட்டிலும் சிறு, நடுத்தர முயற்சியாளர் எழுப்பிய குரலின் பின்னரே 2024இல் பாராளுமன்றம் பராட்டே அதிகாரத்தை அவ்வாண்டு டிசம்பர் 15 வரை இடைநிறுத்தியது. பின்னர் 2025 மார்ச் 31 வரை அது நீடிக்கப்பட்டது. வைப்பாளரின் பணத்தைப் பாதுகாக்கக் கடன் அறவிடப்பட வேண்டாமா என்று வங்கிகள் கேட்கின்றன. நியாயமான கேள்வியே. வைப்பாளரிலும் எம்மைப் போன்றவர் உண்டு. ஆனால் வட்டி ஒரு நாளில் 7 புள்ளி ஏறியது ஆசிரியனின் ஊதாரித்தனத்தாலா? தோணி கரையில் கிடந்தது மீனவனின் சோம்பலாலா? நாட்டை நடத்தியவர்களின் பிழைக்கு நாட்டில் ஒரு குடிசைக்காரன் தன் கூரையை விலையாகக் கொடுக்கும் ஏற்பாட்டை நீதி என்று எந்தப் பாடநூலில் எழுதுவது? தற்காலிக நிறுத்தம் போதாது. குடியிருக்கும் ஒரே வீட்டை விற்குமுன் ஒரு நீதிபதி கடனாளியின் வாயைத் திறக்கச் சொல்லிக் கேட்கவேண்டும். ஈட்டு உறுதி, ஒப்பமிடுபவளுக்குத் தெரிந்த மொழியில் எழுதப்படவேண்டும். இவை பெரிய கோரிக்கைகள் அல்ல.

இவை வரும்வரை நாம் செய்யக்கூடியது ஒன்றுண்டு. ஊரிலே எழுத வாசிக்கத் தெரிந்தவர் என்று பெயரெடுத்தவர்கள் ஆசிரியர்கள். சனிக்கிழமை பின்னேரங்களில் எமது வீட்டின் பூசப்படாத மாடியில் நான்கைந்து ஆசிரியர்களும் சில மேல்வகுப்பு மாணவரும் இப்போது கூடுகின்றோம். பெண்கள் தம் கடிதங்களையும் உறுதிகளையும் கொண்டு வருகிறார்கள். ஒவ்வொரு வரியையும் தமிழில் வாசித்துச் சொல்கின்றோம். முதல் எவ்வளவு, வட்டி மாறக்கூடியதா, மீட்புக்காலம் எந்நாள் முடிகின்றது, ஒப்பமிட்டவர் யார் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுக்கின்றோம். சட்டத்தரணியிடம் போகவேண்டியவரை அனுப்புகின்றோம். வங்கிக்குத் தனியே போக அஞ்சுபவரோடு ஒருவர் துணைபோகின்றோம். நிதி வகுப்பு என்று பெரிய பெயர் எதுவும் இதற்கு வைக்கவில்லை. மாமி இதனைக் "கடிதம் பார்க்கிற மடுவம்" என்கிறார்.

எம் மகள் இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். விடுமுறைக்கு வந்தால் அவளும் மாடியில் உட்கார்ந்து வாசிக்கிறாள். அந்த மாடி தனக்காகவே எழுப்பப்பட்டது என்பதையும், அதற்காகத் தன் தாயின் வீடு இன்னும் ஈட்டிலிருக்கின்றது என்பதையும் அவள் அறிவாள். சென்ற முறை வந்தபோது, "வாப்பா, எனக்கு வீடு தரவேணாம். உம்மாட உறுதிய மீட்டு உம்மாட கையில குடுங்க" என்றாள். அவ்வளவையும் கட்டி முடிக்க எமக்கு இன்னும் பல ஆண்டுகள் ஆகும். ஆனால் அந்த ஈட்டு உறுதியின் பிரதி இப்போது இழுப்பறையில் இல்லை. வீட்டில் எல்லோரும் எடுத்து வாசிக்கக்கூடிய இடத்தில், அலமாரியின் முதல் தட்டில் இருக்கின்றது.

இதை வாசிக்கும் ஆசிரியரே, மாணவரே! உங்கள் இழுப்பறையிலும் பிரிக்கப்படாத ஒரு கடிதம் இருக்கக்கூடும். இன்றே பிரியுங்கள். உங்கள் அயல்வீட்டுக்காரரிடமும் ஒரு கடிதம் இருக்கின்றதா என்று கேளுங்கள்.